குறைந்த தொகையில் ஒரு விறகுக் கணப்பு அடுப்பு: தேர்விலிருந்து முதல் குளிர்காலம் வரை

பின்னணி

ஒரு தம்பதியும் அவர்களுடன் வாழும் வயதான தாயும் கொண்ட குடும்பம் இது. வீடு பழையது, சிறியது. சுவர்கள் செங்கல்லால் ஆனவை, வெப்பக்காப்பு எதுவும் இல்லாதவை. கூடத்தில் திறந்த கணப்பு ஒன்று முன்பிருந்தே இருந்தது. அதில் எவ்வளவு விறகை எரித்தாலும் நெருப்புக்கு எதிரே அமர்ந்தவருக்கு மட்டும் முகம் சுட்டதே தவிர அறை சூடாகவில்லை. மின்சூடேற்றியை நாள் முழுவதும் இயக்கிய குளிர்காலத்தின் முடிவில் வந்த மின்கட்டணம் அவர்களைத் திகைக்க வைத்தது. அடுத்த குளிர்காலத்துக்குள் கதவு உள்ள இரும்புக் கணப்பு அடுப்பு ஒன்றை வாங்கிவிடுவது என்று முடிவு செய்து, அதற்கென ஒரு தொகையைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதற்கு மேல் கடன் வாங்குவதில்லை என்பதில் இருவரும் உறுதியாக இருந்தார்கள்.

வீட்டு வெப்பமூட்டும் அமைப்புகளைப் பார்த்து ஆலோசனை சொல்லும் எங்களிடம் அவர்கள் வந்தபோது, கையில் மூன்று அடுப்புகளின் விவரங்களை வைத்துக்கொண்டு, இவற்றில் எது கொடுக்கும் பணத்துக்குத் தகும் என்ற ஒரே கேள்வியைக் கேட்டார்கள். குளிர்காலம் தொடங்கச் சில மாதங்கள் இருந்தன. அந்த அவகாசம் இருந்ததால்தான் பின்னால் எடுத்த முடிவுகளில் பாதியை நிறைவேற்ற முடிந்தது. குளிர் வந்த பிறகு அடுப்பு தேடுபவர்கள் கடையில் இருப்பதை வாங்கி, கிடைக்கும் ஈர விறகை எரிக்க நேர்கிறது.

வீட்டில் கண்டவை

அடுப்புகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் புகைபோக்கியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். திறந்த கணப்புக்காகக் கட்டப்பட்ட அந்தச் செங்கல் புகைபோக்கி தரையிலிருந்து ஏறத்தாழ 7 மீட்டர் உயரம் கொண்டிருந்தது. உயரம் போதுமானது, 4.5 மீட்டருக்குக் குறைந்தால்தான் புகை இழுவை பொதுவாகச் சிக்கலாகும். ஆனால் உட்புறம் மிக அகலமாக இருந்தது. திறந்த கணப்பில் அறைக்காற்று பெருமளவில் மேலே போவதால் அந்த அகலம் வேண்டியிருந்தது. மூடிய அடுப்பிலிருந்து வெளிவரும் வாயுவோ அளவில் குறைவு. அகலமான, குளிர்ந்த செங்கல் குழாயில் அது மெதுவாக ஏறி, வழியிலேயே வெப்பத்தை இழந்து, சுவரில் தார் போன்ற கீலாகப் படியும்.

பின்னர் புகைபோக்கியின் மேல்வாயை அடைத்து, அடியில் புகைக்குச்சியை ஏற்றிப் பார்த்ததில், கூரைக்குக் கீழுள்ள பரண் பகுதியில் இரண்டு இடங்களில் செங்கல் இணைப்புகளின் வழியே புகை கசிந்தது. நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. கண்ணுக்குத் தெரிந்த அந்தப் புகை வந்த வழியே அதுவும் வரும் என்பதால், உள்ளே எஃகுக் குழாய் இறக்காமல் எந்த அடுப்பையும் இதில் பொருத்தக் கூடாது என்று அன்றே எழுத்தில் கொடுத்தோம்.

அடுத்து விறகு. முற்றத்தில் தார்ப்பாயால் முழுவதுமாக மூடிய ஒரு குவியல் இருந்தது. மேலே கிடந்த கட்டையின் வெளிப்புறத்தில் ஈரமானியை வைத்தபோது 18 சதவீதம் காட்டியது. அதே கட்டையைப் பிளந்து உட்புறத்தில் வைத்தபோது 30 சதவீதம் காட்டியது. பிளந்த புதிய முகத்தில் அளப்பதுதான் உண்மையான அளவு. வெளித்தோலில் அளந்து திருப்தி அடைபவர்கள் பலர். தார்ப்பாய் மழையைத் தடுத்ததைப் போலவே விறகிலிருந்து வெளியேறிய ஈரத்தையும் உள்ளேயே அடைத்து வைத்திருந்தது.

ஈர விறகால் வரும் நட்டம் நீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பத்தோடு முடிந்துவிடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அந்த இழப்பு ஒரு பகுதிதான். பச்சை விறகில் எடையில் பாதிவரை நீர் இருக்கும். அத்தகைய விறகின் ஒரு கிலோவில் ஏறத்தாழ 2.2 கிலோவாட்-மணி வெப்பமே கிடைக்க, 20 சதவீதத்துக்குக் காய்ந்த விறகில் ஏறத்தாழ 4 கிலோவாட்-மணி கிடைக்கிறது. அதைவிடப் பெரிய கேடு, நீர் நெருப்பைக் குளிரச் செய்வது. விறகின் உலர் எடையில் பெரும்பகுதி முதலில் வாயுவாக வெளியேறி, அதன் பிறகே சுடராக எரிகிறது. அந்த வாயு எரிவதற்கு, அடுப்புக்குள் விறகு எரியும் அறையான உலைவாயில் உயர்ந்த வெப்பநிலை வேண்டும். அது கிட்டாதபோது, எரிய வேண்டிய எரிபொருளே புகையாக மாறிப் புகைபோக்கியில் ஒட்டுகிறது. அவ்வாறு ஒட்டிய கீல் ஒருநாள் தீப்பிடித்தால் குழாய்க்குள் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும்.

அறைக்கு வேண்டிய வெப்பம்

கூடம் 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் கொண்டது. கொள்ளளவு 48 கன மீட்டர். வெளியே குளிர் உறைநிலையை ஒட்டியிருக்கும்போது அறையை 20 டிகிரி அளவில் வைத்திருக்க வேண்டிய ஆற்றலைத் தோராயமாக அறிய, இத்துறையில் ஓர் எளிய கணக்கு வழக்கில் உண்டு. ஓரளவு வெப்பக்காப்பு உள்ள அறையானால் கன மீட்டர் அளவை 14 ஆலும், காப்பே இல்லாத அறையானால் 10 ஆலும் வகுக்க வேண்டும். இந்த வீட்டுக்கு முதல் கணக்கில் 3.4 கிலோவாட்டும் இரண்டாவதில் 4.8 கிலோவாட்டும் வந்தன. சுவர்களின் நிலையைக் கருதி இரண்டாவது எண்ணையே எடுத்துக்கொண்டோம்.

இந்த எண்ணைக் கேட்டதும் குடும்பத்தினருக்கு ஏமாற்றமே உண்டானது. அவர்கள் மனத்தில் இருந்தது 10 கிலோவாட் அடுப்பு. ஏறக்குறைய அதே விலைக்கு இருமடங்கு ஆற்றல் கிடைக்கும்போது பாதி ஆற்றல் உள்ளதை ஏன் வாங்க வேண்டும் என்ற அவர்களின் கேள்வி நியாயமானது. இந்த நிகழ்வில் மிகுதியான நேரம் பேசப்பட்டதும் அதுவே. மற்ற பொருள்களில் கூடுதல் திறன் ஒரு சேமிப்பாக நிற்கும். விறகு அடுப்பில் அது நிற்பதில்லை. 10 கிலோவாட் அடுப்பு அதன் முழு வெப்பத்தில் எரியும்போதுதான் புகை முழுதாக எரிகிறது. 48 கன மீட்டர் அறையில் அப்படி எரித்தால் அரைமணியில் ஜன்னலைத் திறக்க நேரும். அதைத் தவிர்க்கக் காற்றுத் திறப்பை அடைப்பார்கள். நெருப்பு புகைந்து, கண்ணாடி கறுத்து, குழாயில் கீல் படியும். அடுப்பு காலம் முழுவதும் தன் இயல்புக்குக் கீழேயே இயங்கும். சிறிய அடுப்பைச் சுறுசுறுப்பாக எரிப்பது விறகுக்கும் நல்லது, குழாய்க்கும் நல்லது, அறையில் இருப்பவர்களின் நுரையீரலுக்கும் நல்லது.

மூன்று அடுப்புகள்

முதலாவது, முன்சொன்ன 10 கிலோவாட் புது அடுப்பு. பார்வைக்குக் கம்பீரமாக இருந்தாலும் உடல் 3 மில்லிமீட்டர் எஃகுத் தகடு. உலைவாயின் பக்கங்களில் தீச்செங்கல் இல்லை. மெல்லிய தகடு நேரடியாகத் தணலைத் தொட்டால் சில குளிர்காலங்களில் வளைந்துவிடும். வளைந்த உடலில் கதவு சரியாகப் பொருந்தாது. பொருந்தாத கதவு வழியே கட்டுப்பாடற்ற காற்று உள்ளே போகும். மேலும் அதன் தகவல் பலகையில் உச்ச ஆற்றல் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. இயல்பான இயக்கத்தில் எவ்வளவு ஆற்றல், எவ்வளவு செயல்திறன் (விறகின் வெப்பத்தில் அறைக்கு வரும் பங்கு) என்ற இரண்டும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விதி, விறகை எரிக்கும் மூடிய அடுப்புக்குப் பருவகாலச் செயல்திறன் குறைந்தது 65 சதவீதம் இருக்க வேண்டும் என்றும், புகையில் ஒரு கன மீட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் நுண்துகள் கூடாது என்றும் வரையறுக்கிறது. அந்த விதி செல்லாத இடத்திலும் இந்த எண்களை ஓர் அளவுகோலாக வைத்துக் கேட்கலாம். பதில் சொல்ல இயலாத தயாரிப்பை ஒதுக்கிவிடுவது நல்லது.

இரண்டாவது, பயன்படுத்திய வார்ப்பிரும்பு அடுப்பு. விலை மிகக் குறைவு. தாய்க்கு இதுதான் பிடித்திருந்தது. அவருடைய இளமையில் வீட்டில் இருந்த அடுப்பை அது ஒத்திருந்தது. எங்களுக்கும் பழைய வார்ப்பிரும்பின் மீது மதிப்பு உண்டு. மெதுவாகச் சூடாகி, நெருப்பு அடங்கிய பின்னும் நெடுநேரம் வெப்பம் தரும். நன்றாகப் பராமரித்த ஒன்று கிடைத்தால் குறைந்த தொகையில் அதற்கு இணை வேறில்லை. எனவே இதை எளிதில் ஒதுக்காமல் முழுமையாகச் சோதித்தோம். விற்பவரின் அனுமதியோடு அறையை இருட்டாக்கி, அடுப்புக்குள் விளக்கை ஏற்றி வைத்து வெளியிலிருந்து பார்த்தபோது, பின்தகட்டின் மூலையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஒளிக்கோடு தெரிந்தது. அது இணைப்புகளில் பூசும் தீக்களிம்பு உதிர்ந்த இடமாக இருந்திருந்தால் பிரித்து, சுத்தம் செய்து, மீண்டும் பூசி மூடியிருக்கலாம். வார்ப்பிரும்பு அடுப்புகள் தனித்தனித் தகடுகளைக் கோத்துச் செய்தவை என்பதால் அது வழக்கமான பராமரிப்பே. இங்கோ விரிசல் தகட்டிலேயே இருந்தது. வார்ப்பிரும்பில் வெல்டிங் எளிதில் நிலைப்பதில்லை. சூடேறிக் குளிரும்போது பக்கத்திலேயே மீண்டும் வெடிக்கும். புகை நேராகக் குழாய்க்குள் போகாமல் மறிக்கும் மேல் தடுப்புத் தகடும் காணப்படவில்லை. அந்த மாதிரிக்கு உதிரிப் பாகங்கள் இப்போது வருவதில்லை என்பதும் விசாரித்ததில் தெரிந்தது. தாயிடம் விளக்கொளியில் விரிசலைக் காட்டிய பிறகு அவரே வேண்டாம் என்றார்.

மூன்றாவது, 5 கிலோவாட் எஃகு அடுப்பு. அலங்காரம் ஏதுமற்ற பெட்டி வடிவம். உடல் 5 மில்லிமீட்டர் தகடு. உள்ளே வெப்பம் தாங்கும் கனிமமான வெர்மிகுலைட்டால் ஆன பலகைகள். கீழ்க்காற்று, கண்ணாடியைக் கழுவியபடி மேலிருந்து இறங்கும் காற்று இரண்டுக்கும் தனித்தனித் திறப்புகள். இயல்பு ஆற்றலில் 75 சதவீதச் செயல்திறன் என்று சோதனை அறிக்கை. கதவிடையே ஒரு தாளை வைத்து மூடி, சுற்றிலும் ஒவ்வோர் இடத்திலும் இழுத்துப் பார்த்தோம். எங்கும் தாள் எளிதில் வரவில்லை. வெர்மிகுலைட் பலகை எளிதில் உடையக்கூடியது என்பது இதன் குறை.

முடிவும் அதன் காரணமும்

மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கும்போது எங்கள் வழிகாட்டு நெறி ஒன்றே: பின்னால் மாற்ற முடியாதவற்றுக்கு முதலில் பணம், மாற்றக்கூடியவற்றுக்குப் பிறகு. காற்று புகாமல் கதவைச் சுற்றிப் பதித்துள்ள கயிறு, கண்ணாடி, உட்பலகை, கைப்பிடி ஆகிய அனைத்தும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறு செலவில் மாறுபவை. உடல் தகட்டின் தடிமன், உலைவாயின் அளவு, காற்று செல்லும் வழியின் அமைப்பு, புகைபோக்கி ஆகியவை வாங்கிய நாளிலேயே தீர்மானமாகிவிடுகின்றன. வாங்குபவர்கள் கதவின் வேலைப்பாட்டுக்கும் நிறத்துக்கும் பணம் கொடுத்துவிட்டுக் குழாயில் மிச்சம் பிடிப்பதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம், அது வருந்தத்தக்கது.

இதன்படி கையிருப்பு மறுபங்கீடு செய்யப்பட்டது. முழுத் தொகையும் அடுப்புக்கே என்றிருந்த திட்டம் மாறி, அடுப்புக்கு ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகவும், துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்கும் அதை இறக்கும் கூலிக்கும் ஏறக்குறைய அதே அளவும் ஒதுக்கப்பட்டன. எஞ்சியதில் அடுப்புக்கு அடியிலும் முன்னாலும் எரியாத கற்பலகை, கார்பன் மோனாக்சைடு அலாரம், ஈரமானி, குழாயில் காந்தத்தால் ஒட்டும் வெப்பமானி, விறகுக்கு ஒரு கொட்டகை ஆகியவை அடங்கின. குழாய் இறக்கும் வேலையைத் தாமே செய்து கூலியை மிச்சப்படுத்தலாமா என்று கணவர் கேட்டார். அதைத் தேர்ந்தவரிடமே விடுமாறு உறுதியாகச் சொன்னோம். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் கொட்டகையைத் தாமே கட்டட்டும் என்றோம். அவர் அப்படியே பழைய மரச்சட்டங்களைக் கொண்டு மேலே கூரையும் பக்கங்களில் இடைவெளியும் உள்ள கொட்டகை ஒன்றைக் கட்டினார். குவியலைப் பிளந்து, தரையிலிருந்து உயர்த்தி, காற்று புகும்படி அடுக்கினார்கள்.

விறகிலும் ஒரு வீண் செலவு தவிர்க்கப்பட்டது. மென்மரம் அடுப்புக்கு ஆகாது என்று கேள்விப்பட்டு, இலவசமாகக் கிடைத்த ஒரு வண்டி மென்மரத்தை அவர்கள் மறுத்திருந்தார்கள். எடைக்கு எடை பார்த்தால் வன்மரமும் மென்மரமும் தரும் வெப்பத்தில் பெரிய வேறுபாடு இல்லை. மென்மரம் லேசானது, அதனால் அதிக இடத்தை அடைக்கும், விரைவில் எரிந்து தீரும், அவ்வளவே. காய்ந்திருந்தால் தாராளமாக எரிக்கலாம். வண்ணம் பூசிய பலகையையும் மருந்தூட்டிய மரத்தையும் மட்டும் எந்நாளும் எரிக்கக் கூடாது.

பொருத்தலும் முதல் வாரங்களும்

அடுப்பின் புகைவாய் 150 மில்லிமீட்டர் என்பதால் அதே விட்டமுள்ள குழாய் இறக்கப்பட்டது. எவ்விடத்திலும் குழாய் புகைவாயைவிடக் குறுகக் கூடாது. கணப்புக்கு மேலிருந்த மரத்தட்டு, மூடப்படாத குழாய்ப் பகுதிக்கு மிக அருகில் இருந்ததால் அகற்றப்பட்டது. ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் எரியக்கூடிய பொருளுக்கும் இடையே அதன் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு, அதாவது 45 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அலாரம் அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் பொருத்தப்பட்டது.

முதல் சில நெருப்புகள் ஜன்னலைத் திறந்துவைத்துச் சிறிதாகவே மூட்டப்பட்டன; வண்ணப்பூச்சு இறுகும்போது நெடி வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் யாரும் அஞ்சவில்லை. பெரிய கட்டைகளை அடியில் வைத்து, சுள்ளியை மேலே அடுக்கி, உச்சியிலிருந்து பற்றவைக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தோம். கீழிருந்து எழும் புகை சுடரைக் கடந்தே போக வேண்டியிருப்பதால் அது எரிந்துவிடுகிறது. குழாய் வெப்பமானி 120 முதல் 240 டிகிரிக்குள் நிற்கும்படி காற்றைச் சரிசெய்வதை மனைவி இரண்டொரு மாலைகளிலேயே கைவசப்படுத்திக்கொண்டார்.

இரண்டு தடங்கல்கள் எழுந்தன. குவியலில் இருந்த விறகு 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டப்பட்டிருந்தது. சிறிய உலைவாய் 28 சென்டிமீட்டருக்கு மேல் ஏற்கவில்லை. எல்லாவற்றையும் மீண்டும் அறுக்க வேண்டியதாயிற்று. மற்றொன்று கவலைக்குரியது. ஒரு மாலை சமையலறைப் புகை இழுக்கும் விசிறி ஓடிக்கொண்டிருந்தபோது விறகு வைக்க அடுப்புக் கதவைத் திறந்தார்கள். புகை அறைக்குள் வந்தது. ஜன்னல் இடைவெளிகளை அண்மையில்தான் அடைத்திருந்தார்கள். விசிறி வெளியேற்றிய காற்றை ஈடுசெய்ய வேறு வழியில்லாமல், புகைபோக்கி வழியாகவே காற்று கீழே இறங்கியது. அலாரம் ஒலிக்கவில்லை, என்றாலும் அன்றே விசிறியை நிறுத்தச் சொல்லி, அந்த வாரத்திலேயே அடுப்புக்கு அருகில் வெளிச்சுவரில் நிலையான காற்றுத் திறப்பு ஒன்றை அமைக்கச் செய்தோம். அதன் பிறகு அது நிகழவில்லை.

குளிர்காலத்தின் முடிவில்

கூடம் சூடாயிற்று. ஐந்து மணி நேர மாலைக்கு ஏறத்தாழ 8 கிலோ விறகு செலவானது. 5 கிலோவாட் ஆற்றலையும் 75 சதவீதச் செயல்திறனையும் கொண்டு முன்பு போட்ட கணக்கோடு இது ஒத்துப்போனது. திறந்த கணப்பின் செயல்திறன் 10 முதல் 20 சதவீதமே என்பதால், இதே வெப்பத்துக்கு அதில் குறைந்தது ஏறத்தாழ நான்கு மடங்கு விறகு எரிந்திருக்கும். மின்சூடேற்றி மாலைகளில் முற்றிலும் நின்றுபோனது.

எல்லாமே நிறைவேறிவிட்டது என்று சொல்ல முடியாது. விடியற்காலையில் எழும் தாய்க்கு அறை குளிர்ந்தே இருந்தது. இரவு முழுவதும் நெருப்பு நிலைக்கட்டும் என்று காற்றை அடைத்துப் பெரிய கட்டையை வைத்துப் பார்த்தார்கள். காலையில் கண்ணாடி கரியப்பிக் கிடந்தது, சூடும் இல்லை. நாங்கள் அதைக் கைவிடச் சொன்னோம். அவருக்காகக் காலை ஒரு மணி நேரம் மட்டும் மின்சூடேற்றி தொடர்கிறது. தொலைவிலுள்ள படுக்கையறைக்கும் வெப்பம் போய்ச் சேரவில்லை. ஓர் அறையில் உள்ள அடுப்பு, கதவுகளைத் திறந்துவைத்தாலும், வீடு முழுவதையும் சூடாக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பருவம் முடிந்ததும் குழாயைத் துடைத்தபோது விழுந்தது உலர்ந்த, பழுப்பு நிறத் தூள். பளபளப்பான கீல் எங்கும் ஒட்டியிருக்கவில்லை. கதவுக் கயிறு இறுக்கமாகவே இருந்தது. பின்புற வெர்மிகுலைட் பலகையில் மட்டும் ஒரு விரிசல். கட்டையை உள்ளே எறியும் பழக்கத்தால் வந்தது அது; பலகை இடத்தில் நிற்கும்வரை விரிசலோடு பயன்படுத்தலாம் என்பதால் மாற்றவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

இத்தகைய வீட்டுக்கு மீண்டும் ஆலோசனை சொல்ல நேர்ந்தால், உலைவாயின் உள்நீளத்தை விறகின் நீளத்தோடு ஒப்பிடுவதை அடுப்பு தேர்வின் தொடக்கத்திலேயே செய்வோம். விறகை விலைக்கு வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். குறுக வெட்டிய விறகு எளிதில் கிடைக்காத இடத்தில், சற்றே நீண்ட உலைவாய் உள்ள அடுப்பு கூடுதல் விலைக்குத் தகுதியானது. வீட்டில் உள்ள எல்லா இழுவிசிறிகளையும் ஒருசேர ஓடவிட்டு, பொருத்திய அன்றே புகை மேலே போகிறதா என்று சோதிப்பதும், காற்றுத் திறப்புக்கான செலவை முதல் பங்கீட்டிலேயே சேர்ப்பதும் இனி எங்கள் வழக்கம். விறகைப் பிளந்து கொட்டகையில் அடுக்கும் வேலை அடுப்பு வாங்குவதற்கு ஓர் ஆண்டு முன்பே தொடங்குவது சிறந்தது; இந்தக் குடும்பத்தின் குவியலில் அடியில் இருந்த கட்டைகள் குளிர்காலத்தின் நடுவிலும் 24 சதவீத ஈரத்தோடு இருந்ததால், அவற்றை மறு ஆண்டுக்கு ஒதுக்க நேர்ந்தது.

சாம்பலை மரவாளியில் அள்ளி வாசலில் வைத்திருந்ததைப் பருவத்தின் நடுவில் கண்டு நிறுத்தினோம். சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். மூடியுள்ள உலோக வாளியில், வீட்டுக்கு வெளியே, எரியாத தரையில்தான் வைக்க வேண்டும். அந்த வாளியையும் முதல் செலவுப் பட்டியலில் சேர்த்துவிட்டோம்.

படுக்கையறைக்கு இன்னொரு அடுப்பு வாங்கலாமா என்று குடும்பத்தினர் கேட்டிருக்கிறார்கள். கூரைக்குக் கீழே வெப்பக்காப்பு போடாமல் இரண்டாவது அடுப்பை நினைக்க வேண்டாம் என்று பதில் சொல்லியிருக்கிறோம். அடுத்த ஆண்டின் சேமிப்பைக் கூரைக்கே செலவிடுவதென அவர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அது முடிந்த பின் கூடத்தின் வெப்பத் தேவையை மீண்டும் கணக்கிட்டு, மிச்சமாகும் வெப்பத்தில் எவ்வளவு படுக்கையறையை எட்டுகிறது என்று அடுத்த குளிர்காலத்தில் அளந்து பார்க்க இருக்கிறோம்.